வாசகர் கேள்வி – பதில்: தொலைதூர வைஃபைக்கு எந்த ஆன்டெனா?

வெட்டவெளியில் நெடுந்தூரத்துக்கு வைஃபை இணைப்புக் கொடுப்பது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான கடிதங்கள் ‘எத்தனை டிபிஐ வாங்கலாம்?’ என்று தொடங்கி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகின்றன. ஆன்டெனா அலையை ஒரு திசையில் எவ்வளவு செறிவாக்குகிறது என்பதற்கான அளவுதான் டிபிஐ. உண்மையில் அந்த எண் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. பாதை, உயரம், கோணம், கேபிள் ஆகியவை தெரிந்துவிட்டால் அது தானாகவே வந்து நிற்கும். அவை தெரியாமல் வாங்கிய ஆன்டெனா எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஏமாற்றத்தையே தருகிறது என்பதால்தான் பதில்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டில் நல்ல இணைய இணைப்பு இருக்கிறது. அங்கிருந்து நேர்கோட்டில் 3 கி.மீ. தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்தில் இரண்டு கேமராக்களைப் பொருத்தி வீட்டிலிருந்தே பார்க்க விரும்புகிறேன். ஒருவர் 30 டிபிஐ டிஷ் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் 16 டிபிஐ பேனலே (தட்டையான பலகை வடிவ ஆன்டெனா) போதும் என்கிறார். எது சரி?

பதில்: பாதை தெளிவாக இருந்தால் இரண்டாமவர் சொல்வது சரி. பாதை மறைந்திருந்தால் இருவர் சொல்வதுமே உங்களுக்கு உதவாது. ஏன் என்று பார்ப்போம்.

ஆன்டெனா தானாக எந்த ஆற்றலையும் உண்டாக்குவதில்லை. எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்பும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிடும்போது, தன் முகம் நோக்கும் திசையில் எத்தனை மடங்கு செறிவாக அனுப்புகிறது என்பதைத்தான் டிபிஐ என்ற அளவு சொல்கிறது. இது மடக்கைக் கணக்கு: 3 கூடினால் இரண்டு மடங்கு, 6 கூடினால் நான்கு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. தூரம் இரட்டிப்பானால் சிக்னல் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், இருக்கும் இணைப்பை இரு மடங்கு தூரத்துக்குக் கொண்டுபோக 6 டெசிபெல் (இந்த மடக்கைக் கணக்கின் அலகு) கூடுதலாக வேண்டும். ஒரு திசையில் செறிவு கூடுகிறது என்றால் மற்றத் திசைகளிலிருந்து அது எடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். பாத்தியின் மடையை அடைத்து ஒரே வாய்க்காலில் தண்ணீரைத் திருப்புவது போன்றது இது. கிணற்றில் நீர் கூடுவதில்லை.

ஆகவே முதல் வேலை கடைக்குப் போவதல்ல, மொட்டை மாடிக்கு ஏறுவது. தொலைநோக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆன்டெனா நிற்கப்போகும் இடத்திலிருந்து தோட்டத்தில் மறுமுனை நிற்கப்போகும் இடம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அங்கே ஒருவரை நிறுத்தி, கண்ணாடியில் சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், 3 கி.மீ. தொலைவிலும் அந்த மின்னல் பளிச்சென்று தெரியும்.

கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் போவதில்லை. இரு முனைகளுக்கும் இடையே, நடுவில் பருத்து ஓரங்களில் ஒடுங்கிய ஒரு நீள்வட்டப் பரப்பை அது பயன்படுத்துகிறது. ஒளியின் அலைத்தன்மையை விளக்கிய பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனலின் பெயரால் இதை ஃப்ரெனல் மண்டலம் என்கிறார்கள். 3 கி.மீ. இணைப்பில் நடுப்பகுதியில் இதன் ஆரம் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏறத்தாழ 9.6 மீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸில் 6.2 மீட்டர். இந்த ஆரத்தில் குறைந்தது 60 விழுக்காடு தடையின்றி இருக்க வேண்டும். அதாவது நடுவழியில் நிற்கும் மரத்தின் உச்சி பார்வைக்கோட்டுக்குக் கீழே 2.4-இல் கிட்டத்தட்ட 6 மீட்டரும், 5.8-இல் கிட்டத்தட்ட 4 மீட்டரும் தாழ்ந்திருக்க வேண்டும். மர உச்சியை உரசிக்கொண்டு தோட்டம் தெரிகிறது என்பது நல்ல செய்தி அல்ல. தூரம் கூடக் கூட இந்த மண்டலமும் பருக்கும், 5 கி.மீ. இணைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு நடு ஆரம் 12 மீட்டரைத் தாண்டிவிடுகிறது.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5.8 கிகாஹெர்ட்ஸில் 3 கி.மீ. வெட்டவெளியைக் கடக்கும்போது ஏற்படும் இழப்பு 117 டெசிபெல். கருவி அனுப்பும் ஆற்றல் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு) என்று கொள்வோம். இரு முனைகளிலும் 16 டிபிஐ பேனல் என்றால் 20-உடன் 32-ஐக் கூட்டி, 117-ஐயும், கனெக்டர் போன்ற சில்லறை இழப்புகளுக்காக இன்னொரு 2-ஐயும் கழிக்க வேண்டும். கிடைப்பது −67 டிபிஎம். கழித்தல் குறிக்குப் பின்னுள்ள எண் பெரிதாக ஆக, சிக்னல் மெலிகிறது என்று பொருள். கேமராப் படங்களுக்குத் தேவையான நடுத்தர வேகத்துக்குப் பெரும்பாலான வெளிப்புறக் கருவிகள் −80 அளவிலும் வேலை செய்யும். ஆகவே 13 டெசிபெல் கையிருப்பு இருக்கிறது. நான் 10-க்குக் கீழே எந்த இணைப்பையும் நம்புவதில்லை; 15 இருந்தால் நிம்மதி. இரு பக்கமும் 23 டிபிஐ டிஷ் வைத்தால் சிக்னல் −53 ஆக உயரும். பின்னால் கேமராக்கள் கூடினாலும் தாங்கும். 30 டிபிஐக்கு இங்கே வேலையே இல்லை. அதற்கு ஆகும் கூடுதல் செலவைத் தோட்டத்துக் கம்பத்தின் உயரத்தில் போடுங்கள். மறைக்கும் மரத்தைத் தாண்டிக் கம்பம் 3 மீட்டர் உயர்ந்தால் கிடைக்கும் பலனை எந்த டிஷ்ஷும் தராது.

கேள்வி: யாகி, பேனல், கிரிட் டிஷ், முழு டிஷ் என்று பல வகை சொல்கிறார்கள். இவற்றில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது?

பதில்: யாகி என்பது 1926-ஆம் ஆண்டு ஜப்பானில் தொஹொக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்தாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் உலகுக்குத் தந்த வடிவம், பழைய தொலைக்காட்சி ஆன்டெனாக்களாக வீட்டுக் கூரைகளில் நாம் கண்டதும் அதுதான். அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி அளவுள்ள கம்பிகள் ஒரு தண்டில் வரிசையாக நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12 செ.மீ. சொச்சம் என்பதால் கம்பிகள் 6 செ.மீ. அளவில் இருக்கும்; 5.8-இல் இரண்டரை செ.மீ.தான். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஆன்டெனாவின் குணம் மாறிவிடும். இன்னொரு குறை, யாகி ஒரே போலரைசேஷனில் (அலை அதிரும் திசை) மட்டும் வேலை செய்வது. இன்றைய கருவிகள் கிடையாக ஒன்றும் செங்குத்தாக ஒன்றுமாக இரண்டு அலைத்தொடர்களை ஒரே நேரத்தில் அனுப்பி வேகத்தை இரட்டிப்பாக்குகின்றன. யாகியை மாட்டினால் அதில் ஒரு பாதி வீண். பழைய கருவி ஒன்றைக் கையில் வைத்திருந்தாலொழிய இப்போது யாகியை நான் பரிந்துரைப்பதில்லை.

ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள், காற்று அதிகம் அடிக்கும் இடத்தில், குறிபார்த்துத் திருப்ப அனுபவம் இல்லாதவர்களுக்குப் பேனல் நல்லது. அதன் கற்றை, அதாவது அலை குவிந்து போகும் பரப்பு, 25 அல்லது 30 பாகை அகலம் இருப்பதால் சிறு பிசகை மன்னித்துவிடும். 5 கி.மீ.க்கு மேல் டிஷ்தான். கிரிட் டிஷ்ஷின் கம்பிகளுக்கிடையே காற்று புகுந்து போய்விடுவதால் கம்பத்துக்குச் சுமை குறைவு. ஆனால் அதிலும் ஒரே போலரைசேஷன்தான். முழு டிஷ் காற்றைப் பாய் போல வாங்கும். பின்னாலும் பக்கங்களிலும் இருந்து வரும் இரைச்சலை நன்றாகத் தடுக்கும். அண்டை வீடுகளின் வைஃபை நெரிசலாக இருக்கும் இடத்தில் அந்தத் தடுப்பு, கூடுதல் டிபிஐயைவிடப் பெரிய உதவி.

கேள்வி: எங்கள் கல்வி நிலையத்தின் நீர்த்தொட்டி மேல், தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில், எல்லாப் பக்கமும் பரப்பும் 12 டிபிஐ ஆம்னி ஆன்டெனாவைப் பொருத்தினோம். அரை கி.மீ. தள்ளியிருக்கும் விடுதியில் நன்றாகக் கிடைக்கிறது. தொட்டியின் அருகிலுள்ள வகுப்பறைகளில் முன்பு இருந்த சிக்னலும் போய்விட்டது. ஆன்டெனா பழுதா?

பதில்: பழுதில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

ஆம்னி எல்லாத் திசையிலும் பரப்பும் என்பது கிடைமட்டத்தில் மட்டுமே உண்மை. மேலும் கீழும் போகும் அலையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளித்தான் அது தன் டிபிஐயைப் பெறுகிறது. உப்பிய பூரியாக இருந்த கற்றை, 8 டிபிஐயில் தட்டையாகி ஏறத்தாழ 15 பாகை தடிமனுக்கு வரும். 12 டிபிஐயில் அப்பளமாகி 7 பாகைக்குச் சுருங்கிவிடும். உங்கள் வகுப்பறை தொட்டியிலிருந்து 50 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டர் உயரத்திலிருந்து அதைப் பார்க்கும் கோணம் கிடைமட்டத்துக்குக் கீழே 22 பாகை. கற்றையோ மூன்றரை பாகைக்குக் கீழே மெலிந்துவிடுகிறது. அலை உங்கள் மாணவர்களின் தலைக்கு மேலே கடந்து போகிறது. விடுதியில் அந்தக் கோணம் இரண்டு பாகை சொச்சம்தான் என்பதால் அங்கே நன்றாகக் கிடைக்கிறது.

விடுதிக்கு மட்டும் ஒரு சிறு பேனலைத் தனியாக நோக்கி வையுங்கள். வகுப்பறைகளுக்கு 5 அல்லது 6 டிபிஐ ஆம்னியைத் தாழ்ந்த உயரத்தில் வைக்கலாம். அல்லது 90 பாகை, 120 பாகை அகலத்தில் கிடைக்கும் செக்டர் ஆன்டெனாவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கலாம். இரண்டாவதுதான் என் தேர்வு. ஆம்னி நாலாபக்க இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். செக்டருக்கு அந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: கோடையில் குறையில்லாமல் ஓடிய இணைப்பு, மழைக்காலத்தில் அடிக்கடி அறுந்துபோகிறது. தூரம் 4 கி.மீ.; 5.8 கிகாஹெர்ட்ஸ். மழைக்குத் தாங்கும் பெரிய ஆன்டெனாவாக மாற்றலாமா?

பதில்: மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள். மணிக்கு 50 மி.மீ. என்ற கனமழையிலும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்கூட இழப்பதில்லை. உங்கள் 4 கி.மீ.க்கு இரண்டு டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். 2.4-இல் மழையின் பாதிப்பு பொருட்படுத்தத்தக்கதே அல்ல. 60 கிகாஹெர்ட்ஸில் ஓடும் புதுவகைக் கருவிகள்தான் மழையில் உண்மையாகவே திணறும். அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் மட்டுமே கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் வரை விழுங்கிவிடும்.

அப்படியானால் உங்கள் இணைப்பை அறுப்பது எது? முதல் சந்தேகம் இலைகள் மேல். மழை தொடங்கியதும் மரங்கள் தழைத்து, ஃப்ரெனல் மண்டலத்துக்குள் கிளைகளை நீட்டுகின்றன. நனைந்த இலை காய்ந்த இலையைவிடப் பல மடங்கு அலையை உறிஞ்சும். மழை நின்று சில மணி நேரத்தில், இலைகள் காய்ந்ததும் இணைப்பு மீள்கிறது என்றால் குற்றவாளி மரம்தான்.

இரண்டாவது சந்தேகம் கனெக்டரில் புகுந்த நீர். மழை நின்ற பிறகும் நாட்கணக்கில் சிக்னல் மந்தமாகவே இருந்தால் இதைத்தான் பார்க்க வேண்டும். நான் பொருத்திய ஓர் இணைப்பிலேயே இது நடந்தது. முதல் பருவமழைக்குப் பிறகு சிக்னல் 12 டெசிபெல் குறைந்துவிட்டது. ஆன்டெனாவைத் திருப்பினேன், கருவியை மாற்றினேன், சேனலை மாற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் கம்பத்தின் உச்சியில் கனெக்டரைக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு துளி நீர் விரலில் சொட்டியது. நடு ஊசியைச் சுற்றிப் பச்சை படிந்திருந்தது. கேபிளின் மேலுறையைப் பிளந்து பார்த்தால், வெள்ளியாக மினுங்க வேண்டிய பின்னல் கம்பி ஒரு முழத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. நீர் திரியில் எண்ணெய் ஏறுவது போலப் பின்னல் வழியாக இறங்கியிருந்தது. சாதாரண இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி விட்டதுதான் நான் செய்த தவறு. வெயிலில் அதன் பசை உருகி, சுற்று பிரிந்துவிட்டது.

அன்றிலிருந்து, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும் டேப்பைத்தான் பயன்படுத்துகிறேன். அதைக் கீழிருந்து மேலாக, ஓட்டுக்கூரையில் ஓடு மேல் ஓடு ஏறுவது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றி, அதற்கு மேல் வெயில் தாங்கும் டேப் ஒன்றைச் சுற்ற வேண்டும். கேபிள் கருவிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால், வழிந்து வரும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். நீர் புகுந்த கேபிளைக் காய வைத்து மறுபடி பயன்படுத்த முயலாதீர்கள்; வெட்டி எறிய வேண்டியதுதான்.

கேள்வி: ரவுட்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதிலிருந்து மாடிக்கு 15 மீட்டர் ஆர்ஜி 58 கேபிள் இழுத்து 15 டிபிஐ ஆன்டெனாவில் மாட்டினேன். ரவுட்டரோடு வந்த சிறு ஆன்டெனாவே இதைவிட நன்றாக இருந்தது போலத் தோன்றுகிறது. இது எப்படி?

பதில்: தோற்றமல்ல, கணக்கே அப்படித்தான் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆர்ஜி 58 கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் தின்னும். 15 மீட்டருக்கு 15 டெசிபெல். ஆன்டெனா தந்த 15-ஐக் கேபிள் முழுவதுமாக வாங்கிக்கொண்டது. கருவி அனுப்பிய 100 மில்லிவாட்டில் ஆன்டெனாவைச் சென்று சேர்ந்தது 3 மில்லிவாட்தான். தடித்த எல்எம்ஆர் 400 கேபிளிலும் 15 மீட்டரில் மூன்று டெசிபெல்லுக்கு மேல், அதாவது பாதிக்கும் அதிகமான ஆற்றல் போய்விடும். 5 கிகாஹெர்ட்ஸில் இழப்பு இன்னும் கூடும்.

கருவியையே மேலே கொண்டுபோய்விடுவதுதான் இதற்கு வழி. ஆன்டெனாவும் ரேடியோவும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வெளிப்புறக் கருவிகளில் இந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லை. கீழிருந்து மேலே போவது ஈதர்நெட் கேபிள் ஒன்றுதான். அதே கேபிளில் மின்சாரமும் ஏறும், 100 மீட்டர் வரை தரவும் குறையாது. வெயில் தாங்கும் கறுப்பு உறையும், உள்ளே உலோகக் கவசமும் உள்ள கேபிளாக வாங்குங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் காப்பானைப் பொருத்தி, கம்பத்தையும் அதையும் முறையாக நிலத்தோடு எர்த் செய்யுங்கள். ஊரிலேயே உயரமான இரும்பு உங்கள் கம்பம்தான் என்றால் இதில் சிக்கனம் வேண்டாம்.

பழைய முறையிலேயே தொடரப் போகிறீர்கள் என்றால் கனெக்டரைக் கவனியுங்கள். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் ஆர்பி-எஸ்எம்ஏ என்ற வகை இருக்கும். திருகுமறை ஒன்றுபோலவே இருந்தாலும் நடு ஊசியும் துளையும் இடம் மாறியிருக்கும். சாதாரண எஸ்எம்ஏ அதில் அழகாகத் திருகி இறுகிவிடும். உள்ளே இரு பக்கமும் துளையாகவோ இரு பக்கமும் ஊசியாகவோ இருக்கும். முதல் நிலையில் ஒன்றும் தொடாது. இரண்டாவதில் ஊசி வளையும்.

கேள்வி: 5 கி.மீ. தூரத்துக்கு இரு முனையிலும் 60 செ.மீ. டிஷ் வைத்திருக்கிறோம். ஒருநாள் முழுவதும் திருப்பிப் பார்த்தும் −65 டிபிஎம்முக்கு மேல் ஏறவில்லை. டிஷ் தரமற்றதா?

பதில்: 5.8 கிகாஹெர்ட்ஸில் 60 செ.மீ. டிஷ் ஏறத்தாழ 29 டிபிஐ தரும். வெட்டவெளி இழப்பு 122 டெசிபெல். 20 டிபிஎம் அனுப்பினால் உங்களுக்கு −45-ஐ ஒட்டிக் கிடைக்க வேண்டும். குறைவது சரியாக 20 டெசிபெல் என்பதைப் பார்த்தவுடன் எனக்கு இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன.

ஒன்று, பக்கக் கற்றை. டிஷ்ஷின் முதன்மைக் கற்றை உங்கள் அளவில் 6 பாகை அகலம். அதன் இரு பக்கமும் 20 டெசிபெல் அளவுக்குத் தாழ்ந்த சிறு கற்றைகள் உண்டு. திருப்பிக்கொண்டே வரும்போது சிக்னல் ஏறி இறங்கினால் அதுதான் உச்சம் என்று நினைத்து இறுக்கிவிடுகிறோம். அது பக்கத்துச் சிறு குன்றின் உச்சி. ஒவ்வொரு முனையையும் கண்டபடி திருப்பாமல், மறுமுனையை அசைக்காமல் வைத்து, இந்த முனையை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாகத் திருப்பி எண்களைத் தாளில் எழுதுங்கள். சிறிய உச்சம், பெரிய உச்சம், மறுபடி சிறிய உச்சம் என்று மூன்று வரும். நடுவில் உள்ளதே உங்களுக்கு வேண்டியது. இதையே மேல்-கீழாகவும் செய்து, பிறகு மறுமுனைக்குப் போக வேண்டும். 5 கி.மீ.யில் ஒரு பாகைப் பிசகு 87 மீட்டர் விலகலாகும். ஆகவே திருகாணியை இறுக்கும்போதும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இறுக்கும் கடைசிச் சுற்றில் டிஷ் நகர்ந்துவிடுவது மிக சகஜம்.

மற்றது, போலரைசேஷன் பொருந்தாமை. ஒரு முனை கிடையாகவும் மறுமுனை செங்குத்தாகவும் இருந்தால் 20 டெசிபெல் அல்லது அதற்கு மேலேயே போய்விடும். கிரிட் டிஷ் வைத்திருப்பவர்கள் இங்கே இரட்டைக் கவனத்தோடு இருக்க வேண்டும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபீடை (டிஷ்ஷுக்கு அலையை ஊட்டும் பகுதி) மட்டும் திருப்பினால் போதாது. கிரிட்டின் கம்பிகளும் அதே திசையில் ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் அலை கம்பிகளுக்கிடையே நழுவி முதுகுப்புறம் போய்விடும்.

பழைய செயற்கைக்கோள் தொலைக்காட்சி டிஷ்ஷில் வைஃபை ஃபீடைப் பொருத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஃபீட் நடுவில் இல்லாமல் கீழே தள்ளியிருக்கும். அதனால் டிஷ் நேராக நிமிர்ந்து நிற்பதாகத் தோன்றும்போது அது 20 பாகைக்கும் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தரைமட்ட இணைப்புக்கு அது முகம் கவிழ்ந்து மண்ணைப் பார்ப்பது போல நிற்க வேண்டும். கண்ணை நம்பாமல் சிக்னல் எண்ணை நம்புங்கள்.

கேள்வி: ஆன்டெனாவுக்குப் பதில் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வைத்து ஆற்றலைக் கூட்டினால் வேலை எளிதல்லவா?

பதில்: எளிதாகத் தோன்றும், ஆனால் வேண்டாம். நீங்கள் உரக்கப் பேசுவதால் எதிரில் இருப்பவரின் மெல்லிய குரல் உங்களுக்குக் கேட்டுவிடாது. வைஃபையில் அனுப்பிய ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் மறுமுனையிலிருந்து ‘கிடைத்தது’ என்ற பதில் வந்தாக வேண்டும். நல்ல ஆன்டெனா பேசவும் உதவும், கேட்கவும் அதே அளவு உதவும் என்பதுதான் அதன் தனிச்சிறப்பு.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆன்டெனாவின் டிபிஐயையும் சேர்த்துக் கணக்கிட்ட வெளியீட்டுக்கு ஒவ்வொரு நாடும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஐரோப்பிய நாடுகளில் அது 20 டிபிஎம். அமெரிக்காவில் பொதுவாக 36 டிபிஎம். முன்னதில் 16 டிபிஐ ஆன்டெனா வைத்தால் கருவியின் ஆற்றலை 4 டிபிஎம்முக்குக் குறைத்தாக வேண்டும். அப்போதும் அந்த 16 டிபிஐ வீணில்லை. கேட்கும் திறனுக்குச் சட்டத்தில் எல்லை கிடையாது. கருவியின் அமைப்பில் நீங்கள் இருக்கும் நாட்டை உண்மையாகத் தேர்ந்தெடுத்து, ஆன்டெனாவின் டிபிஐயையும் பதிந்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆற்றலைக் கூட்டத் துடிப்பவர்கள் முதலில் சேனலின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20-க்குக் குறைத்துப் பார்க்கட்டும். உள்ளே நுழையும் இரைச்சல் பாதியாகும். செலவில்லாமல் 3 டெசிபெல் மிச்சம்.

கேள்வி: வைஃபை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

பதில்: வெனிசுவேலாவைச் சேர்ந்த எர்மான்னோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியரும் குழுவினரும் 2007-இல் இரு மலைகளுக்கு இடையே 382 கி.மீ. தூரத்துக்கு வைஃபை இணைப்பை ஏற்படுத்தி, இரு திசையிலும் நொடிக்கு 3 மெகாபிட் அளவில் தரவை அனுப்பிக் காட்டினார்கள். டிஷ்ஷைவிட இதில் மலைகளின் உயரம்தான் முக்கியம். காற்றில் அலை சற்று வளைந்து போவதைக் கழித்த பின்னும், அந்தத் தூரத்தின் நடுவில் பூமியின் வளைவு 2,100 மீட்டர் அளவுக்குப் புடைத்து நிற்கும். நம் 10 கி.மீ. இணைப்பில் அந்தப் புடைப்பு ஒன்றரை மீட்டர்தான்.

இன்னொரு தடையும் உண்டு. அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகிறது, 5 கி.மீ. போய்த் திரும்ப 33 மைக்ரோ நொடி ஆகும். வீட்டு அளவுக்கு அமைந்த கருவி அதற்குள் பொறுமையிழந்து, பதில் வரவில்லை என்று அதே துண்டை மறுபடி அனுப்பும். சிக்னல் பிரமாதமாக இருந்தும் வேகம் ஊர்ந்துகொண்டிருந்தால், வெளிப்புறக் கருவிகளில் ‘தூரம்’ என்றிருக்கும் அமைப்பில் உண்மையான தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் பதியுங்கள்.

கேள்வி: 200 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு கட்டடங்களை இணைக்க 30 டிபிஐ டிஷ் இரண்டை ஏற்கெனவே வாங்கிவிட்டோம். சிக்னல் மிக அதிகம் காட்டுகிறது. ஆனால் வேகம் நிலையாக இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: 200 மீட்டருக்கு இழப்பு 94 டெசிபெல்தான். 20 டிபிஎம் அனுப்பினால் மறுமுனைக்கு −14 போய்ச் சேரும். −30-ஐத் தாண்டினாலே பல ரிசீவர்கள் திக்குமுக்காடி, சரியான சிக்னலையும் தவறாகப் படிக்கும். கருவியின் ஆற்றலை இரு முனையிலும் படிப்படியாகக் குறைத்து −45-க்கும் −50-க்கும் இடையே கொண்டுவாருங்கள். மிகக் குறைந்த ஆற்றலிலும் அந்த அளவுக்கு இறங்கவில்லை என்றால், டிஷ்களைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டு சிறு பேனல்களை மாட்டுங்கள்.